அறை வெப்பநிலை என்றால் எந்த ஊர் அறை?

முதல் வருஷம் எனக்குக் கிறிஸ்துமஸ் பிளம் கேக் வரவில்லை, கள்தான் வந்தது. வீட்டுக்குள் ரம் பாட்டில் நுழையக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், உலர்திராட்சையையும் பேரீச்சையையும் பொடியாக நறுக்கி, கடையில் விற்கும் திராட்சை ஜூஸில் ஊறப்போட்டு, கண்ணாடி ஜாடியை இறுக மூடிப் பரணில் வைத்தேன். அக்டோபர் கடைசி. கையில் இருந்த செய்முறையில் 'மூன்று வாரம் அறை வெப்பநிலையில் ஊறவிடவும்' என்று போட்டிருந்தது. பத்தாம் நாள் ராத்திரி சமையலறையில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கேஸ் கசிகிறதோ என்று சிலிண்டரைப் போய்ப் பார்த்தோம். அங்கே ஒன்றும் இல்லை. ஜாடியைக் கீழே இறக்கி மூடியைத் திருகியதும் சோடா மாதிரி பொங்கி என் சட்டை, சுவர், அரிசி டின் எல்லாவற்றிலும் வழிந்தது. அம்மா மோந்து பார்த்துவிட்டு, "ரம் வேணாம்னேன். நீ வீட்லயே கள்ளு எறக்கிட்டியேடா," என்றாள்.

அந்தச் செய்முறையை எழுதியவர் ரம் ஊற்றச் சொல்லியிருந்தார். ரம்முக்குப் பதில் ஜூஸ் என்று மாற்றியது நான். இந்தியாவில் விற்கும் ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதில் ஈஸ்ட் உயிர் வாழாது. ஜூஸில் சர்க்கரை உண்டு, தண்ணீர் உண்டு, பழத்தோலோடு வரும் ஈஸ்ட்டும் உண்டு. மேலே சென்னையின் 31 டிகிரி. இட்லி மாவே ஒரே ராத்திரியில் பொங்கும் சமையலறையில் பத்து நாள் பழம் சும்மா இருக்குமா?

இரண்டாம் வருஷமும் அதே 'அறை வெப்பநிலை'தான் காலை வாரியது, இந்த முறை வெண்ணெயில். அதை அப்புறம் சொல்கிறேன். மேலே கறுத்து, நடுவில் கூழாக, பழமெல்லாம் அடியில் கல் மாதிரி படிந்து ஒரு வஸ்து வந்தது. அந்த வெட்கத்தோடுதான் எதிர் வீட்டு ஆன்ட்டியிடம் போனேன்.

நாங்கள் இருப்பது பெரம்பூர். ரயில்வே ஊர், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அன்றிலிருந்து இங்கே உண்டு. தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்குத் தட்டு எதிர் வீட்டுக்குப் போகும், கிறிஸ்துமஸுக்கு அதே தட்டில் கேக் வரும், கூடவே ரோஸ் குக்கீஸும். அது நம் அச்சு முறுக்கேதான். ஆன்ட்டிக்கு எழுபது தாண்டிவிட்டது. முட்டி வலி, இப்போது அவர் கேக் போடுவதில்லை. பெரியமேட்டில் 1885லிருந்து இருக்கும் ஸ்மித் ஃபீல்ட் பேக்கரியிலிருந்து யாரையாவது அனுப்பி வாங்கி வைத்துக்கொள்கிறார். நான் கொண்டுபோன துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, ஓவன் எவ்ளோ சூடுன்னு பார்த்தியா?"

"150 வெச்சேன் ஆன்ட்டி."

"வெச்சது கேக்கல. உள்ள எவ்ளோ இருந்துச்சு?"

பதில் தெரியாமல் நின்றேன். அவர் சின்ன வயதில் வீட்டில் யாரிடமும் ஓவன் கிடையாதாம். மாவைக் கலந்து டின்னில் ஊற்றி, மேலே பெயர்ச் சீட்டை வைத்து, பக்கத்து பேக்கரியின் விறகு அடுப்புக்கு எடுத்துப் போவார்களாம். ரொட்டி சுட்டு முடித்து அடுப்பு ஆறும் நேரத்தில் கேக்குகள் உள்ளே போகும். அந்த இறங்கு சூட்டில்தான் இந்தக் கேக் சரியாக வேகும் என்றார். பொறுமையாகச் சுட வேண்டும் என்று நூறு பேர் எழுதியிருப்பதைப் படித்திருந்தேன். 'ரொட்டிக்கு அப்புறமான அடுப்பு' என்று அவர் சொன்ன பிறகுதான் மண்டையில் ஏறியது.

ரம் சிக்கலுக்கும் அவரே வழி சொன்னார். பாட்டிலும் ஜாடியும் அவர் வீட்டில் இருக்கட்டும், பழம் மட்டும் நான் கொண்டு வரட்டும். அம்மாவிடம் கேட்டேன். "அவங்க வீட்ல இருந்தா அவங்க ஜாடி," என்று சட்ட நுணுக்கத்தோடு ஒப்புக்கொண்டாள்.

எட்டு அங்குல வட்ட டின், மூன்று அங்குல உயரம். அதற்குக் கறுப்பு உலர்திராட்சை 250 கிராம், கிஸ்மிஸ் 150, கொட்டை நீக்கிய பேரீச்சை 150, உலர் அத்தி 50, ஆரஞ்சுத் தோல் மிட்டாய் 75, இஞ்சி முரப்பா 25 என்று மொத்தம் 700 கிராம் பழம். ரம் 150 மில்லி. உலர்பழமெல்லாம் சௌகார்பேட்டையில் வாங்கியது. அண்ணாநகர் சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டை விட விலை குறைவு, அதைவிட முக்கியம், வாயில் போட்டுப் பார்த்து வாங்கலாம். பிளம் கேக்கில் பிளம் எங்கே என்று என் பெண் கேட்டாள். பழைய ஆங்கிலத்தில் உலர்திராட்சைக்கே பிளம் என்று பெயர் இருந்தது, அந்தப் பெயர் கேக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டது.

டூட்டி ஃப்ரூட்டியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அது சாயம் போட்ட பப்பாளிக்காய். பிடிப்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு அது ரயில்வே கேன்டீன் பன் ஞாபகம். அதன் இடத்தில் கமலா ஆரஞ்சுத் தோலை நானே செய்தேன், இந்த வேலையிலேயே எனக்கு அதிகம் பிடித்தது அதுதான். ஆறு பழத்தின் தோலை எடுத்து உள்பக்க வெள்ளையை ஸ்பூனால் சுரண்டி, மெல்லிசாகக் கீறி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் வேகவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இப்படி மூன்று தடவை. முதல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், நிலவேம்புக் கஷாயம் தோற்றது. மூன்றாவதற்குப் பிறகு தோலில் கசப்பு ஒரு கோடு மாதிரி மட்டும் மிஞ்சும். அப்புறம் தோலின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை, முங்கும் அளவு தண்ணீர், சிறுதீ. முக்கால் மணி நேரத்தில் தோல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தட்டில் பரப்பி ஃபேன் அடியில் வைத்தேன். நவம்பர் மழைக்காற்றில் மூன்று நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. போகாவிட்டாலும் பரவாயில்லை, ரம்மில்தானே விழப்போகிறது.

இஞ்சி முரப்பா நம் சரக்கு. வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் சர்க்கரை இஞ்சியைத் தேடி அலைய வேண்டாம், முரப்பா நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

ஆன்ட்டி வீட்டு அலமாரியில் பழம் ஐந்து வாரம் ஊறியது. வாரம் ஒரு முறை போய் ஜாடியைக் குலுக்கிவிட்டு வருவேன். ரம் வேண்டாம் என்பவர்களுக்கு என் கள் அனுபவத்திலிருந்து ஒரு வழி: பழத்தை 150 மில்லி ஆரஞ்சுச் சாற்றோடு அடுப்பில் வைத்து, சாறு இழுத்துக்கொள்ளும் வரை சிறுதீயில் பத்து நிமிஷம் கிண்டி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி. மறுநாளே கேக் போட்டுவிட வேண்டும். வாரக்கணக்கில் ஊறவைக்கும் ஆசை ஜூஸில் வேண்டாம். அந்தக் கேக்கையும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

உள்ளூரில் கிடைத்ததை ஊற்றிச் சமாளிப்பது இந்த நாட்டுக் கேக்குக்குப் புதிதும் இல்லை. 1883இல் கேரளத்துத் தலசேரியில் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளித் துரை, இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கைக் காட்டி இதேபோல் செய்து தா என்று பேக்கரிக்காரர் மாம்பள்ளி பாபுவிடம் கேட்டதாக ஒரு கதை உண்டு. துரை சொன்ன பிராந்திக்குப் பதில் முந்திரிப் பழமும் கதலிப் பழமும் போட்டு வடித்த உள்ளூர்ச் சரக்கை பாபு சேர்த்தாராம். கேக் துரைக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள்.

கேக் போட்டது டிசம்பர் இரண்டாவது ஞாயிறு. முந்தின நாளே காரமெல் காய்ச்சி வைத்தேன். கேக்கின் கறுப்பு நிறம் கோகோவிலிருந்து வருவதில்லை, இதிலிருந்துதான் வருகிறது. அடிகனமான பாத்திரத்தில் 100 கிராம் சர்க்கரையைத் தண்ணீர் இல்லாமல் உருக்க வேண்டும். முதலில் தேன் நிறம், பிறகு செம்மை, பிறகு கருப்பட்டி நிறம். ஓரத்தில் லேசாகப் புகை எழும் நொடியில் அடுப்பை அணைத்து, 80 மில்லி வெந்நீரை ஓரமாக ஊற்ற வேண்டும். பச்சைத்தண்ணீர் கூடாது, சீறித் தெறிக்கும், சர்க்கரை கட்டியாகிப் பாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும். வெந்நீரே சீறும், ஆகவே நீளக் கரண்டி, தள்ளி நின்ற முகம். முதல் தடவை பயந்துபோய்ச் செம்மையிலேயே நிறுத்தினேன், அது பாயசத்துக்குத்தான் லாயக்கு. இரண்டாவது தடவை வாட்ஸாப்பைப் பார்த்தபடி நின்றதில் கரியாகிவிட்டது. மூன்றாவது சரியாக வந்தது.

மசாலாவில் போன வருஷம் ஒரு அசம்பாவிதம். ஏலக்காயும் அன்னாசிப்பூவும் கை நிறையப் போட்டதில் கேக் பிரியாணி வாசனை அடித்தது. இந்த முறை பட்டை ஒரு அங்குலம், கிராம்பு ஐந்து, கால் ஜாதிக்காய், சுக்குப்பொடி அரை டீஸ்பூன். அவ்வளவுதான்.

இனி வெண்ணெய். 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய் 200 கிராம்.' இதை எழுதியவரின் அறை 18 டிகிரியில் இருந்திருக்கும். என் சமையலறையில் அன்று காலை ஒன்பது மணிக்கே 29. வெண்ணெய் உருகுவது 32, 33 டிகிரியில்தான் என்றாலும், 27, 28லேயே அது தொங்கிப்போய் எண்ணெய்ப் பளபளப்பு காட்ட ஆரம்பித்துவிடும். வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிப்பதே காற்றுக்காகத்தான். சர்க்கரைத் துகள்கள் கெட்டியான கொழுப்பைக் கீறிக் கீறிக் குமிழ்களை உள்ளே அடைக்கின்றன. கொழுப்பு எண்ணெயாகிவிட்டால் குமிழ் தங்க இடமில்லை. மாவு நீர்த்துப்போகும், பழம் அடியில் போய்ப் படியும். என் இரண்டாம் வருஷக் கேக்கின் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இதுதான். பழத்தில் மைதா பிரட்டினால் மூழ்காது என்கிறார்களே, அது பாதி மூடநம்பிக்கை. நானும் அந்த வருஷம் பிரட்டித்தான் போட்டேன். பழத்தைத் தாங்குவது கெட்டியான மாவு. பிரட்டினால் பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது, அந்த அளவுக்கு நல்லது.

ஆகவே வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நறுக்கிப் பத்தே நிமிஷம் வெளியே வைத்தேன். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் 19 காட்டியது. மின்சார பீட்டர் ஓட ஓட அதன் சூட்டிலேயே வெண்ணெய் இளகுவதால், கிண்ணத்துக்கு அடியில் ஐஸ்கட்டித் தண்ணீர்த் தட்டு ஒன்று. 175 கிராம் பொடித்த நாட்டுச் சர்க்கரையோடு எட்டு நிமிஷம் அடித்ததும் நிறம் வெளுத்து, கலவை கரண்டியில் நின்றது. அந்த நிறத்தை மூன்று வருஷத்தில் முதல் முறையாகப் பார்க்கிறேன். உப்புள்ள வெண்ணெய், அதனால் தனியாக உப்பு சேர்க்கவில்லை.

முட்டை நான்கு, ஒவ்வொன்றாக. இதில் எதிர்ப் பிழை செய்தேன். வெண்ணெய் விஷயத்தில் மிரண்டுபோய் முட்டையையும் ஃபிரிட்ஜிலிருந்து நேராக உடைத்து ஊற்றினேன். மூன்றாவது முட்டையில் கலவை திரிந்த பால் மாதிரி ஆயிற்று. குளிர்ந்த முட்டை பட்டதும் கொழுப்பு இறுகிவிட்டது. ஐஸ் தட்டை எடுத்துவிட்டு, அளந்து வைத்த மைதாவிலிருந்து இரண்டு ஸ்பூன் போட்டு அடித்ததும் சேர்ந்துகொண்டது. முட்டையை அரை மணி முன்னாலேயே வெளியே வைத்திருக்க வேண்டும். முட்டைக்கு மட்டும் நம் ஊர் அறை வெப்பநிலை சரி.

பிறகு காரமெல், 225 கிராம் மைதா, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், மசாலா, கரண்டியால் புரட்டி மட்டும். கடைசியில் ஜாடிப் பழமும் நறுக்கிய முந்திரி 100 கிராமும் வால்நட் 50ம். கரண்டியைக் கலவையின் நடுவில் நட்டு வைத்தேன், சாயாமல் நின்றது.

ஓவன் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். என்னுடையது 28 லிட்டர் ஓடிஜி, மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன். ஆன்ட்டி கேட்ட கேள்விக்காக ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, முந்தின வாரமே வெறும் ஓவனில் தொங்கவிட்டுப் பார்த்தேன். சூட்டைத் திருகி வைக்கும் குமிழை 150இல் வைத்தால் உள்ளே 190 வரை ஏறி, 165க்கு இறங்கி, மறுபடி ஏறுகிறது. போன வருஷம் கேக்கை வறுத்திருக்கிறேன்! குமிழ் 125இல் இருக்கும்போதுதான் உள்ளே 140க்கும் 160க்கும் நடுவில் ஊசலாடியது. அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். மேல் கம்பியை அணைத்துக் கீழ் கம்பி மட்டும், டின் முடிந்தவரை தாழ்ந்த தட்டில். டின்னுக்குள் பட்டர் பேப்பர் இரண்டு சுற்று, வெளியே பழுப்புக் காகிதம் இரண்டு சுற்று, பூக்கட்டும் நூலால் கட்டு. காகிதம் கம்பியில் படாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தேன். இரண்டு கிலோ எடையுள்ள கலவை, ஓரம் காய்வதற்குள் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர நேரம் வேண்டும், அதற்குத்தான் இந்தச் சட்டை.

பதினொன்றேகாலுக்கு உள்ளே போனது. ஒரு மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. ஒன்றைந்துக்குக் கரண்ட் போனது.

ஒரு மணி ஐம்பது நிமிஷம் வெந்திருக்கிறது, இன்னும் முக்கால் மணிக்கு மேல் வேண்டும். கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஓடிஜியின் உடம்பு மெல்லிய தகரம், இருபது நிமிஷத்தில் உள்ளே 105க்கு இறங்கிவிட்டது. மின்வாரிய நம்பர் பிஸியாகவே இருந்தது. கேக்கின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தினேன், 79 டிகிரி. அது கொஞ்சம் ஆறுதல். அந்தச் சூட்டில் முட்டை பெரும்பாலும் கட்டியாகியிருக்கும், மைதாவும் பிடிக்க ஆரம்பித்திருக்கும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் கரண்ட் போயிருந்தால் கேக் அமுங்கியே இருக்கும். இப்போது நகர்த்தினாலும் உட்காராது.

எங்கே நகர்த்துவது? அம்மா அதுவரை ஹாலில் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தாள். "அந்தக் காலத்துல குக்கர்ல மணல் போட்டுத்தானேடா கேக் செஞ்சோம். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துட்டு," என்றாள். எங்கள் குக்கருக்குள் எட்டு அங்குல டின் இறங்கவில்லை. பரணிலிருந்து பிரியாணி தேக்சா இறங்கியது. மணலுக்குப் பதில் ஒரு கிலோ கல் உப்பைப் பரப்பி, நடுவில் குக்கர் ஸ்டாண்டை வைத்து, மூடிப் பெரிய பர்னரில் பத்து நிமிஷம் காயவைத்தோம். ஓவன் தெர்மாமீட்டரை உள்ளே சாய்த்து வைத்துத் தீயைக் கூட்டிக் குறைத்ததில், சிறிய பர்னரின் நடுத்தீயில் 155 நின்றது. வெளிக் காகிதத்தை அவிழ்த்துவிட்டு டின்னை இறக்கினேன், கேஸ் தீயோடு காகிதம் வேண்டாம் என்று. மூடியில் சேரும் நீர் கேக்கில் சொட்டாமலிருக்க அம்மா மூடியைச் சுற்றித் துணி கட்டி, முனைகளை மேலே தூக்கி முடிந்தாள். கொழுக்கட்டைக்குக் கட்டுவது மாதிரிதான்.

இரண்டு நாற்பதுக்கு நடுவில் 96 டிகிரி. குச்சியில் ஒன்றும் ஒட்டவில்லை. கரண்ட் நாலரைக்கு வந்தது.

டின்னோடேயே ராத்திரி முழுக்க ஆறவிட்டு, பட்டர் பேப்பரிலும் ஃபாயிலிலும் சுற்றி முறுக்கு டின்னில் வைத்தேன். சுட்டபின் மேலே ரம் தெளிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன், அம்மா அத்தனை தூரம் இறங்கி வந்ததே பெரிசு. "சூட்டுல சாராயமெல்லாம் ஆவியாப் போயிருக்கும்ல?" என்று அவள் கேட்டபோது, கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும் என்று உண்மையைச் சொன்னேன். சின்னத் துண்டாகக் கேட்டாள்.

வெட்டியது ஆறாம் நாள். இதமான ஈரம், பழம் மேலிருந்து கீழ்வரை பரவி நின்றது. நிறம் நான் நினைத்ததைவிட ஒரு மாற்று குறைவு, அடுத்த தடவை காரமெலை இன்னும் அரை நிமிஷம் விடலாம். முந்திரியை வறுத்துப் போட்டிருக்கலாம், பச்சையாகப் போட்டது மெத்தென்று ஆகிவிட்டது. ஒரே குறை அடிப்பாகம். தேக்சா சூட்டில் அரை சென்டிமீட்டர் கறுத்து, லேசாகப் புகை வாசனை.

சீவி எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்து, சீவாமலேயே ஆன்ட்டி வீட்டுக்குத் தட்டை எடுத்துப் போனேன். துண்டைத் திருப்பி அடியைப் பார்த்தார். முதலில் அந்தக் கறுத்த பக்கத்தைத்தான் கடித்தார்.

"எந்த பேக்கரியில கொடுத்து சுட்டே?" என்றார்.